‘ஈட் பிரே லவ்’: புத்தகத்தில் என்னை உலுக்கிய இடங்கள் படத்தில் எங்கே போயின?

மாலைநேர வாசகி எழுதியது:

போன வாரம் எலிசபெத் கில்பர்ட்டின் ‘ஈட் பிரே லவ்’ நூலை நான்காவது முறையாகப் படித்து முடித்தேன். முடித்த கையோடு 2010இல் வந்த படத்தையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். ரயன் மர்ஃபி இயக்கம், ஜூலியா ராபர்ட்ஸ் நடிப்பு. முதல் முறை பார்த்தபோதே ஏமாற்றமாக இருந்தது, ஆனால் ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘புத்தகம் மாதிரி இல்லை’ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒரு காரணமே இல்லை, எந்தப் படமும் புத்தகம் மாதிரி இருக்காது. இந்த முறை இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டதில் எந்த இடத்தில் கை நழுவியது என்று தெரிந்தது.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நூல் வெளிவந்தது 2006இல். கில்பர்ட்டின் சொந்தக் கதைதான், நூலில் வரும் லிஸ் அவரேதான். நியூயார்க்கில் வாழும் ஓர் எழுத்தாளர், முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர், திருமணத்திலிருந்து வெளியேறுகிறார். அதைத் தொடர்ந்த இன்னொரு காதலும் நொறுங்குகிறது. பிறகு இத்தாலி, இந்தியா, இந்தோனேசியா என்று நாட்டுக்கு நான்கு மாதமாக ஓர் ஆண்டு. ஜபமாலையில் 108 மணி இருப்பதால் நூலிலும் 108 அத்தியாயங்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் 36. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு மணியை விரலால் தள்ளுவது போலத்தான் நகர்கிறது. சில மணிகளில் வேடிக்கை, சிலவற்றில் ஒன்றுமே நடக்காது.

என் மனக்குறை முக்கியமாக நடுப்பகுதியைப் பற்றியது. இந்தியாவில் அவர் தங்கும் ஆசிரமத்தில் தினமும் விடியலில் குருகீதை ஓதுவார்கள். 182 சுலோகம், ஒன்றரை மணி நேரம். லிஸ்ஸுக்கு அது அறவே பிடிக்காது. வியர்க்கும், எரிச்சல் வரும், எழுந்து ஓடிவிடத் தோன்றும். ஒரு நாள் அறைத்தோழி தெரியாமல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். போகாமலிருக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனாலும் அவர் ஜன்னல் வழியாகக் குதித்து, காலில் அடிபட்டு, ரத்தத்தோடு போய் உட்காருகிறார். அன்றைக்குத்தான் ஊரில் இருக்கும் தன் அக்கா மகன் நினைவு வருகிறது. தூக்கம் வராமல் தவிக்கும் எட்டு வயதுப் பையன். ஒவ்வொரு வரியையும் அவனுக்காகப் பாடுகிறார். வெறுத்த பாட்டு அந்தக் காலையில்தான் அவருக்குத் திறக்கிறது.

படத்தில் அந்த ஜன்னலும் இல்லை, பையனும் இல்லை. பதிலுக்கு துளசி என்ற பெண்ணின் கல்யாணம் வருகிறது, குருகீதை அவளுக்குக் காணிக்கையாகிறது. புத்தகத்துத் துளசியை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது. அவளுக்குப் பதினேழு வயது. கோயில் தரையைத் தேய்த்துக்கொண்டே, தனக்குக் கல்யாணம் வேண்டாம், உன்னை மாதிரி ஊர் சுற்ற வேண்டும் என்று லிஸ்ஸிடம் சொல்வாள். அவளுக்குத் திரைக்கதை மாலை போட்டு அனுப்பிவைத்துவிட்டது. அவள் விரும்பாமல்தான் போகிறாள் என்று படமும் காட்டுகிறது, சரி. ஆனால் அந்தச் சடங்கு திரையில் அவ்வளவு வண்ணமாக வருவதால் அவளுடைய சோகம் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

உங்களுக்கு எந்த இடம் உறுத்தியது?

---

தேன்சிட்டு எழுதியது:

அக்கா, நான் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்துக்கு வந்தேன், அதனால் அதன் பக்கம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அந்தப் படம் இல்லையென்றால் நான் இந்த நூலைத் தொட்டிருக்கவே மாட்டேன். ரோமில் லிஸ் தனியாக உட்கார்ந்து ஒரு தட்டு ஸ்பகெட்டியைச் சாப்பிடுவதையே முழுக் காட்சியாக எடுத்திருப்பார்கள். ஒரு பெண் யாருக்காகவும் காத்திராமல், யாருக்கும் பரிமாறாமல், தன் சாப்பாட்டை ரசிப்பதை அதற்கு முன்னால் நான் திரையில் அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் ஆசிரமத்தில் லிஸ்ஸுக்கு நண்பராகும் டெக்சாஸ் ரிச்சர்ட். அந்த வேடத்தில் நடித்த ரிச்சர்ட் ஜென்கின்ஸ் மொட்டை மாடியில் தன் குடியைப் பற்றியும் மகனைப் பற்றியும் சொல்லும் காட்சி இருக்கிறதே, அதற்காகவே படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பொய் கூட இல்லை.

படத்தின் நீளம் இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் மூன்று நாடு, ஒரு விவாகரத்து, இரண்டு காதல். எதையாவது விட்டுத்தானே ஆக வேண்டும்?

---

ஒளிச்சட்டகம் எழுதியது:

ரிச்சர்ட் ஜென்கின்ஸ் பற்றித் தேன்சிட்டு சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அந்தக் காட்சி ஏன் நிற்கிறது என்றால், கேமரா நகராமல் ஒரு மனிதர் பேசுவதைக் கேட்கிறது. படத்தின் மற்ற பகுதிகளில் அந்தப் பொறுமை கிடையாது. ஒளிப்பதிவு ராபர்ட் ரிச்சர்ட்சன், மிகப் பெரிய கலைஞர். ரோமின் வெயிலும் பாலியின் வயல்களும் கண்ணை நிறைக்கின்றன. எனக்குச் சிக்கலே அந்த அழகில்தான். லிஸ் உள்ளுக்குள் கிழிந்துகொண்டிருக்கும்போதும் படச்சட்டகம் தங்க நிறத்தில் மினுங்குகிறது. அவருக்கு வலிக்கிறது என்று வசனம் சொல்கிறது, படம் சொல்லவில்லை.

நேரம் போதாது என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எதை விட்டார்கள் என்பதைவிட, மிச்சமான நேரத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். கடைசி அரை மணி நேரத்தில் படம் தானாகவே ஒரு நெருக்கடியைக் கட்டுகிறது. பாலியில் லிஸ் காதலிக்கும் ஃபெலிப்பே படகைக் காட்டித் தன்னோடு வரச் சொல்கிறார், லிஸ் கோபப்பட்டு மறுக்கிறார், பிரிகிறார், அங்கே தனக்கு வழிகாட்டிய முதிய வைத்தியர் கெதுட்டிடம் விடைபெறப் போகிறார். காதலுக்காகச் சமநிலை இழப்பதும் சமநிலையான வாழ்வின் பகுதிதான் என்று கெதுட் சொன்னதும் படகுத்துறைக்கு ஓடுகிறார். காதல் படங்களில் விமான நிலையத்துக்கு ஓடுவார்களே, அதே ஓட்டம். புத்தகத்தில் இப்படி ஒரு பிரிவும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. ஒரு பெண் ஓர் ஆண்டு முழுக்கச் செய்த உழைப்பின் முடிவு ‘அவனிடம் போவாளா மாட்டாளா’ என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

ஒப்பிட ஒரு படம் சொல்கிறேன். ஷெரில் ஸ்ட்ரேட் எழுதிய ‘வைல்ட்’. 1995இல் பசிபிக் கிரெஸ்ட் மலைப்பாதையில் அவர் 1,100 மைல் தனியாக நடந்த கதை. புத்தகம் 2012இல் வந்தது, ஜான் மார்க் வாலே இயக்கிய படம் 2014இல். அதிலும் பாதிக்கு மேல் மனசுக்குள்தான் நடக்கிறது. அந்தப் படம் என்ன செய்தது? நினைவுகளைத் துண்டு துண்டாக, ஒரு பாட்டின் முனகலாக, அரை நொடிப் படிமமாக நடைக்குள் விட்டது. கடைசியில் அவர் நடை முடியும் பாலத்தில் தனியாக நிற்கிறார். பின்னாளில் அமையப்போகும் கணவரும் பிள்ளைகளும் பின்னணிக் குரலில் ஓரிரு வரியில் வந்து போகிறார்கள், அவ்வளவுதான். அதனால் உள்மனதைப் படமாக்க முடியாது என்ற சமாதானத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு வழி தேட வேண்டும்.

---

வடமொழி மாணவன் எழுதியது:

குருகீதை பற்றி ஒரு தகவல். மரபுப்படி இது ஸ்கந்த புராணத்தைச் சேர்ந்தது என்பார்கள். பார்வதி கேட்க, சிவன் குருவின் தன்மையைச் சொல்வதாக அமைந்தது. நீளமான பாடல், ஒரே கருத்து திரும்பத் திரும்ப வரும். பழக்கமில்லாதவருக்கு அது சலிப்பூட்டுவது இயல்பு. கில்பர்ட் அந்தச் சலிப்பை மறைக்காமல் எழுதியதால்தான் அந்தப் பகுதியை நான் நம்பினேன். ஆசிரமத்துத் துறவி ஒருவரிடம் போய் இது பிடிக்கவில்லை என்று நேராகவே சொல்வார். அவரும் வற்புறுத்த மாட்டார், ஆனால் விடவும் சொல்ல மாட்டார்.

இன்னொன்று, அந்தேவாசி என்ற சொல். நூலில் அவர் அதை எல்லையில் வாழ்பவர் என்று எடுத்துக்கொள்கிறார். ஊரை விட்டு வந்தாயிற்று, ஆனால் காட்டுக்குள் முழுதாகப் போய்விடவும் இல்லை, அந்த விளிம்பில் இருப்பவர். வழக்கமான பொருள் குருவின் அருகிலேயே தங்கிப் படிக்கும் மாணவர் என்பது. அந்தம் என்றால் எல்லை, முடிவு என்பதால் அவர் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இடம் இருக்கிறது. ரோமில் ஒரு நண்பர் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு சொல் உண்டு, உன் சொல் என்ன என்று கேட்பார். அப்போது அவரிடம் பதில் இருக்காது. அந்தப் பதில் இந்தியாவில் ஒரு பழைய நூலின் பக்கத்தில் கிடைக்கிறது. ஒரு சொல்லுக்காக ஒருவர் இவ்வளவு மாதம் காத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

---

கரையோரம் எழுதியது:

இங்கே படித்துவிட்டு எழுதாமல் போகத்தான் நினைத்தேன். முடியவில்லை.

என் மணமுறிவு நடந்துகொண்டிருந்த ஆண்டில் இந்தப் புத்தகம் என் தலைமாட்டில் இருந்தது. இத்தாலியையும் பாலியையும் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. ரோமில் ஒரு மாலை, மனச்சோர்வும் தனிமையும் இரண்டு துப்பறிவாளர்களைப் போல வந்து அவருக்கு இருபுறமும் நடப்பார்கள். பையைச் சோதிப்பார்கள், குறுக்கு விசாரணை செய்வார்கள், வீட்டுக்குள்ளும் வந்துவிடுவார்கள். அந்தப் பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கும் இரவில் அப்படித்தான் இருந்தது, ஆனால் அதை யாரிடமும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். மாத்திரை எடுத்துக்கொள்ளத் தயங்கியதையும், பிறகு எடுத்துக்கொண்டதையும், அதைப் பற்றிய குழப்பத்தையும் அவர் வெட்கமில்லாமல் எழுதியிருந்தார். நான் மருத்துவரைப் பார்க்கப் போனதற்கு அந்தப் பக்கங்கள் ஒரு காரணம்.

அதே நாட்களில் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தனக்குத்தானே எழுதுவார். ஒரு பக்கம் பயந்த குரல், மறுபக்கம் அதற்குப் பதில் சொல்லும் அமைதியான குரல். நான் உன்னோடு இருக்கிறேன், இரவு முழுக்க அழுதாலும் இருப்பேன் என்கிற தொனியில் அந்தப் பதில் வரும். நானும் ஒரு நோட்டு வாங்கினேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

படத்தில் சோகமாக ஒருவர் இருக்கிறார், நோயுற்ற ஒருவர் இல்லை. அழுகிறார், அடுத்த காட்சியில் பீட்சா வருகிறது. நாப்போலியின் பீட்சாவை நானும் ரசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாப்பாடு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதற்கு முந்தைய இரவுகள் தெரிய வேண்டும். சாப்பிடவே முடியாமல் உடல் வற்றிப்போன ஒருத்திக்குப் பசி திரும்புகிறது. படம் அதை விடுமுறை மகிழ்ச்சியாகக் காட்டிவிட்டது.

முன்னாள் கணவர் விஷயத்திலும் எனக்கு வருத்தம். புத்தகத்தில் அவரைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், திருமணம் ஏன் முறிந்தது என்று இங்கே விவரிக்க மாட்டேன் என்று கில்பர்ட் ஒதுங்கிக்கொள்வார். அந்த மௌனத்தில் ஒரு நேர்மை இருந்தது, அந்த மனிதர் மீது ஒரு மரியாதையும் இருந்தது. படத்துக்கு ஒரு நடிகர் தேவை, அதனால் நிலைகொள்ளாத, எந்த வேலையிலும் ஊன்றாத ஒருவராக அவரை உருவாக்கிவிட்டார்கள். பார்ப்பவருக்கு ‘ஓ, இதனால்தான் விட்டாள்’ என்று ஒரு காரணம் கிடைக்கிறது. எல்லோருக்கும் சொல்லக்கூடிய காரணம் இருப்பதில்லை. எனக்கு இருக்கவில்லை.

---

மாலைநேர வாசகி எழுதியது:

கரையோரம், எழுதியதற்கு நன்றி. அந்த நோட்டுப் புத்தகப் பகுதியை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முந்தைய இரவுகள் பற்றி நீங்கள் சொன்னதும், ரோம் பகுதி ஏன் எனக்குப் படத்தில் வெறும் சுற்றுலாவாகத் தெரிந்தது என்று புரிந்துவிட்டது.

ஒளிச்சட்டகம் சொன்ன முடிவைப் பற்றி நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். புத்தகமும் ஃபெலிப்பேயோடுதான் முடிகிறது. கிலி மேனோ தீவில் படகிலிருந்து இறங்கும்போது லிஸ் சொல்லும் கடைசிச் சொல் ‘அத்ராவெர்சியாமோ’, இத்தாலியில் கற்றுக்கொண்டது. கடந்து போவோம் என்று பொருள். படமும் அதே சொல்லில்தான் முடிகிறது. அப்புறம் ஏன் ஒன்று நெஞ்சில் நிற்கிறது, இன்னொன்று நிற்கவில்லை?

அந்தத் தீவுக்கு அவர் முதல் முறையாக வரவில்லை என்பதுதான் காரணம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, வாழ்க்கையின் மிக மோசமான நாட்களில், அங்கே தனியாகப் போய்ப் பத்து நாள் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறார். தன் துக்கம், கோபம், அவமானம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாளாக முன்னால் வரவழைத்து, முழுதாகப் பார்த்து, உள்ளே வா என்று இடம் கொடுத்திருக்கிறார். தினமும் தீவைச் சுற்றி நடப்பார். வழியில் ஒரு மீனவப் பெண்ணைப் பார்த்துப் புன்னகைப்பார். கடைசி நாட்களில் காய்ச்சலில் விழுந்து வெளியே வராமல் இருந்தபோது, நடக்க வரவில்லையே என்று அந்தப் பெண்ணே தேடி வந்து, சாப்பாடு கொண்டுவந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொள்கிறார். ஒரு வார்த்தை பொதுவில் இல்லாத இரண்டு பெண்கள்.

இதைச் சொல்லிவிட்டு, மீட்க ஓர் இளவரசன் வரவில்லை, என் மீட்பை நானேதான் நடத்தினேன் என்கிறார். அதன் பிறகுதான் அந்தப் படகு. ஃபெலிப்பே கை கொடுத்து இறக்கும்போது, இரண்டு ஆண்டுக்கு முன் அதே மணலில் தனியாக நடந்தவளும் நமக்கு அங்கே தெரிகிறாள்.

இன்னும் ஒன்று. நூலின் தொடக்கத்தில் குளியலறைத் தரையில் நடு இரவில் அழும்போது ‘போய்ப் படு’ என்று ஒரு குரல் கேட்குமே, அது யாருடையது என்று கடைசி அத்தியாயம் யோசிக்கும். கருவாலி விதையிலிருந்து மரம் வருகிறது, ஆனால் வரப்போகும் மரமும் அந்த விதையைப் பிடித்து இழுக்கிறது என்றொரு ஜென் கருத்தை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு என்னைத் தேற்றியது இன்றைய நான்தானோ என்று கேட்பார். முதல் மணியும் கடைசி மணியும் அங்கே சேர்கின்றன. படம் அந்தக் குளியலறைப் பிரார்த்தனையை எடுத்தது, பிறகு அதை அப்படியே விட்டுவிட்டது.

---

ஒளிச்சட்டகம் எழுதியது:

அந்தப் பத்து நாள் மௌனம் திரைக்காகவே எழுதியது போல இருக்கிறதே! வசனமே தேவையில்லை. தீவு, நடை, ஒரு பெண்ணின் புன்னகை, ஒரு நாள் அவள் வரவில்லை, மறுநாள் கதவைத் தட்டும் சத்தம். ஐந்து நிமிடம் போதும். படத்தின் தொடக்கத்தில் இதை வைத்து, முடிவில் அதே மணலுக்கு வந்திருந்தால், அந்தப் படகுத்துறை ஓட்டமே வேண்டியிருந்திருக்காது.

பாலியில் லிஸ்ஸுக்குத் தோழியாகும் வைத்தியப் பெண் வாயனின் கதையிலும் இதே தவறுதான். நண்பர்களிடம் மின்னஞ்சலில் கேட்டுச் சுமார் 18,000 டாலர் திரட்டி அவருக்கு வீடு கட்டக் கொடுக்கிறார் லிஸ். படம் அதை இனிப்பான ஒரு காட்சியாக முடித்துவிடும். புத்தகத்தில் பணம் வந்த பிறகுதான் கதையே. வாயன் நிலம் வாங்காமல் நாளைத் தள்ளுகிறார், லிஸ்ஸுக்குச் சந்தேகம் வருகிறது, கடைசியில் கொடுத்தவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லித்தான் வாங்கவைக்கிறார். உதவி செய்கிறவர், பெறுகிறவர் இருவருமே மனிதர்களாகத் தெரியும் பகுதி அது. அதை வெட்டியதும் வாயன் நன்றி சொல்ல மட்டுமே வந்த பாத்திரமாகிவிட்டார்.

---

தேன்சிட்டு எழுதியது:

வாயன் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் யோசித்ததே இல்லை. படம் பார்த்த பாதிப்பில் புத்தகத்தைப் படித்ததால் பாலி பகுதியில் ஃபெலிப்பேயாக நடித்த ஜேவியர் பார்டெமின் முகம்தான் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மற்றதையெல்லாம் வேகமாகப் புரட்டியிருக்கிறேன் போல.

ஒரு சந்தேகம். ஃபெலிப்பேயோடு கில்பர்ட்டுக்குப் பின்னாளில் நடந்த திருமணமும் 2016இல் முடிந்துவிட்டது, கில்பர்ட்டே அதை வெளிப்படையாக அறிவித்தார். அதைக் கேட்டபோது எனக்கு அந்தப் படத்தின் முடிவே உடைந்த மாதிரி இருந்தது. மறுபடி பார்க்கத் தோன்றவில்லை. உங்களுக்குப் புத்தகம் அப்படி ஆகவில்லையா?

---

கரையோரம் எழுதியது:

எனக்கு ஆகவில்லை, தங்கை. செய்தி வந்த அன்று நானும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நான் பேனாவால் கோடு போட்டிருந்த இடங்களில் ஒன்றில்கூட ஃபெலிப்பே இல்லை. துப்பறிவாளர்கள், நோட்டு, குருகீதை, மொட்டை மாடியில் முன்னாள் கணவரிடம் மனதால் மன்னிப்புக் கேட்டு விடைகொடுக்கும் இரவு. படத்தில் அந்த இரவு ஒரு நடனமாக வருகிறது, அது மோசமில்லை. புத்தகத்தில் நியூசிலாந்துக்காரர் ஒருவர் ஒரு காகிதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்து மாடிக்கு அனுப்புவார். அந்தக் காகிதத்தை நான் என் கையால் பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

---

தேன்சிட்டு எழுதியது:

நேற்று இரவு பாலி பகுதியை முதலிலிருந்து மெதுவாகப் படித்தேன். அந்த மீனவப் பெண் 107ஆம் அத்தியாயத்தில் வருகிறார். நான் முன்பு எப்படி அதைத் தாண்டிப் போனேன் என்றே தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து லிஸ் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

மாலைநேர வாசகி அக்கா, இன்றைக்கு இந்தியப் பகுதி. ஜன்னலிலிருந்து குதிக்கும் இடம் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.